வரவைக் கணக்கிட்டார்கள், சுமையைக் கணக்கிட்டார்களா?

வெளிநாட்டு இணைய நிறுவனங்களுக்கு வரி என்று அரசு அறிவித்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். நம் நாட்டில் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு வரி கட்டாமல் போகிறவர்கள் பிடிபட்டார்கள் என்று கை தட்டுகிறோம். கஜானாவுக்கு எத்தனை கோடி வரும் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அந்தக் கோடிகள் யாருடைய பையிலிருந்து வரும்? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தியாவில் 2016 ஜூன் 1 முதல் சமன்படுத்தும் வரி நடைமுறைக்கு வந்தது. இங்கே நிரந்தர அமைப்பு இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணைய விளம்பரத்துக்காக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்தால், அதில் 6 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது. முதல் ஆண்டு வசூல் சுமார் 339 கோடி. 2019-20இல் சுமார் 1,136 கோடி. திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஓராண்டில் ஏறத்தாழ 19 ஆயிரம் கோடி ரூபாய் விளம்பரப் பணமாக வெளியே போயிருக்கிறது!

ஆனால் இந்த வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு யாருக்கு இருந்தது? விளம்பரம் கொடுத்த நம் வியாபாரிக்கு! "பில் தொகை முழுதாக வந்தாக வேண்டும்" என்று நிறுவனம் சொல்லிவிட்டால், அந்த 6 சதவீதம் அவர் கைப்பணம்தானே?

இது வீண் சந்தேகமல்ல. பிரிட்டன் 2020 ஏப்ரலில் 2 சதவீத டிஜிட்டல் சேவை வரியைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் 27.5 கோடி பவுண்டு வரும் என்று மதிப்பிட்டார்கள், வந்ததோ 35.8 கோடி. மதிப்பீட்டை மிஞ்சிய வெற்றி! ஆனால் அதே 2020இல் அமேசான் தன் தளத்தில் விற்கும் வியாபாரிகளின் கட்டணத்தை 2 சதவீதம் உயர்த்தியது. கூகுள் விளம்பர பில்லில் 2 சதவீதம் கூட்டியது. யாருக்குப் போட்ட வரி, யார் தலையில் விழுந்தது?

விற்றுமுதலை வரி விகிதத்தால் பெருக்குவது பள்ளிக்கூடக் கணக்கு. உண்மைக் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பத்து லட்சத்துக்கு விளம்பரம் செய்த வியாபாரி 60 ஆயிரம் வரியைத் தானே சுமந்தால் அவருடைய லாபம் குறையும். அது செலவாக ஏற்கப்பட்டால், 30 சதவீத வருமான வரி கட்டுபவரிடமிருந்து அரசுக்கு வரவேண்டியதில் 18 ஆயிரம் குறையும். ஒரு கையில் வாங்கியதை மறு கையில் விடுவதைக் கழிக்காமல் போடும் கணக்கு என்ன கணக்கு?

வரியே கூடாது என்பதல்ல நமது வாதம். சம்பாதிக்கும் இடத்தில் வரி கட்டுவதே நியாயம். சுமையை யார் தாங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்கிறோம்.

2025 ஏப்ரல் 1 முதல் அந்த 6 சதவீத வரி நீக்கப்பட்டுவிட்டது. வரியைத் தானே சுமந்து வந்த வியாபாரிக்கு அந்தப் பணம் மிஞ்சுகிறதா? அல்லது கட்டணம் உயர்ந்து அதை விழுங்கிவிட்டதா? வியாபாரச் சகோதரர்களே, 2024, 2025ஆம் ஆண்டு பில்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்! கணக்குத் தெரிந்த இளைஞர்களே, கடைவீதியில் இறங்கி அவற்றைத் திரட்டித் தொகுத்துக் கொடுங்கள்! பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சகம் வணிக அமைப்புகளிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே புலம்பலோடு போனால் கேட்க ஆளிருக்காது. பில்லோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.