ஸ்டேஷன் ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியேவா? தருமபுரி - மொரப்பூர் பாதை எழுப்பும் கேள்வி

தருமபுரிக்காரர்கள் பலருக்குச் சென்னைக்கு ரயில் ஏறணும்னா, முதலில் மொரப்பூருக்குப் பஸ் ஏறணும். மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இல்லாமல் இல்லை. ஆனால் அது சேலம் - பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னை - சேலம் முக்கியப் பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது. இரண்டையும் இணைக்கும் 36 கி.மீ. பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது.

முன்பு பாதையே இல்லையா?

இருந்தது. 1906இல் மொரப்பூர் - தருமபுரி குறுகிய ரயில் பாதை திறக்கப்பட்டு, பிறகு ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல் மூடப்பட்டது. அதன்பின் ஊர் வளர்ந்தது. பழைய தடத்தில் வீடுகள் வந்தன. இன்று ஊரை ஒட்டிப் பாதை போட்டால் வீடுகள் போகும். விலகிப் போட்டால் விளைநிலம் போகும்.

ஊருக்கு வெளியே என்றால் என்ன நஷ்டம்?

கட்டும்போது செலவு குறையும். ஆனால் அந்த மிச்சத்தைப் பயணிதான் தினமும் ஆட்டோ கட்டணமாகக் கொடுக்கிறார். ஸ்டேஷனுக்குப் போக இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்கணும்னா, ரயிலில் மிச்சமான நேரம் அங்கேயே போயிடும். நடந்துபோகும் தூரத்தில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதை மெட்ரோ, இலகு ரயில் திட்டங்களில் முதலில் பார்ப்பது இதனால்தான். நெரிசலான பகுதியில் நிலையங்கள் நெருக்கமாக வரும். புறநகரில் இடைவெளி கூடும்; அங்கே இணைப்புப் பஸ்ஸும் வண்டி நிறுத்துமிடமும் கட்டாயம்.

சென்னையில் என்ன நடந்தது?

2002இல் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தபோது, பாரிமுனைக்குப் பழகியவர்களுக்கு அது தூரம். 2015இல் மெட்ரோ அதன் வாசலுக்கே வந்தது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் திறந்தபோதும் அதே கதைதான்: பஸ் நிலையம் தயார், அதற்கான ரயில் நிலையம் தயாரில்லை. பெட்டி, பிள்ளைகளோடு வந்தவர்கள்தான் அலைந்தார்கள்.

அப்போ தருமபுரிக்கு எது சரி?

ஊருக்கு வெளியே நிலையம் அமைப்பதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. இணைப்பு இல்லாமல் திறப்பதுதான் தப்பு. அரசின் சாதாரண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரயில் நேரத்துக்கு ஏற்ற டவுன் பஸ் இருந்தால், கல்லூரி மாணவிக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் தூரம் பாதியாகிவிடும். இல்லையென்றால், வீட்டையும் நிலத்தையும் கொடுத்த ஊர், புதுப் பாதை வந்த பிறகும் பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கும்.