முதலில் அந்தப் பெரிய குழாய்

கோவிட்டுக்கு அப்புறம் பல பல் கிளினிக்குகளில் ஹெப்பா ஏர் பியூரிஃபையர் நிற்குது. கேட்ஜெட் பிரியர்களான நமக்குப் பார்த்ததும் ஒரு திருப்தி. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு: பல்லைச் சுத்தம் செய்யும்போது வாய்க்குள் எந்தக் குழாய் இருக்கு?

அல்ட்ராசோனிக் ஸ்கேலரின் முனை பொதுவாக நொடிக்கு 25,000 முதல் 40,000 தடவை வரை அதிரும். அது சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர்தான் எச்சில், ரத்தம், பாக்டீரியாவோடு கலந்து நுண்துளிகளாகக் காற்றில் ஏறுது.

உதட்டோரம் கொக்கி மாதிரி தொங்கும் மெல்லிய குழாய், தேங்கும் எச்சிலைத்தான் எடுக்கும். வாய் 8 மில்லிமீட்டருக்குக் குறையாத ஹை-வால்யூம் சக்‌ஷன் குழாயை ஸ்கேலர் பக்கத்திலேயே பிடித்தால், நுண்துளிகள் 90 சதவீதத்துக்கு மேல் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கு. பியூரிஃபையர் வேலை செய்வது, துளி காற்றில் கலந்த பிறகு. தப்பான டேட்டாவை ஃபார்மிலேயே தடுப்பதா, டேட்டாபேஸில் போய்த் தேடித் துடைப்பதா? அதே கதைதான்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? ஹைஜீனிஸ்ட் பெரும்பாலும் தனியாகத்தான் வேலை செய்கிறார். ஒரு கையில் ஸ்கேலர், மறு கையில் கண்ணாடி. குழாய் பிடிக்க யார் இருக்கா? உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கணும். இல்லாவிட்டால் கையால் பிடிக்கத் தேவையில்லாத சக்‌ஷனாவது வாங்கித் தரணும்.

நாம் அரை மணி நேரத்தில் எழுந்து போயிடுவோம். அந்தக் காற்றை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் அவர். அடுத்த தடவை கிளினிக்கில் கேளுங்க: "பெரிய சக்‌ஷன் போடுவீங்களா?"