கிளான் முகமூடியும் நீதிபதி அங்கியும்

ஒரு மனிதன் ஒரு காலத்தில் அயோக்கியத்தனத்திற்கு உடந்தையாயிருந்து, பின்னால் யாரும் செய்யத் துணியாத யோக்கியமான காரியங்களையும் செய்வானேயானால், அவனைப் போற்றுவதா தூற்றுவதா என்ற கேள்வி எழும். அமெரிக்காவில் பிராசிக்யூட்டராயிருந்து சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜான ஹியூகோ பிளாக் என்பவருடைய சரித்திரம் இக்கேள்விக்கு நல்ல உதாரணமாகும்.

இவர் 1886ல் அலபாமா மாகாணத்தில் பிறந்தவர். 1914ல் தேர்தலில் ஜெயித்து, பர்மிங்காம் நகரம் அடங்கிய ஜெபர்சன் ஜில்லாவுக்குப் பிராசிக்யூட்டரானார். அங்கே அந்த உத்தியோகத்திற்கே ஓட்டுப் போடுவது வழக்கம். ஓட்டர்களில் கருப்பு மக்கள் அநேகமாகக் கிடையாது. ஆனால் ஜெயிலில் நிறைந்து கிடந்தவர்களோ பெரும்பாலும் அவர்களே! காரணம் என்னவென்றால், ஆளைப் பிடித்தால் அதிகாரிகளுக்குக் காசு. பகடை உருட்டினான் என்று நாலு பேரைப் பிடித்து வந்தால் அன்றைய வரும்படி ஆயிற்று. இப்படிப் பிடிபட்டவர்களில் பலரைப் பிளாக் விடுதலை செய்யச் செய்தார். 1915ல் பக்கத்து ஊராகிய பெசமரில், போலீசார் கைதிகளைத் தோல்வாரால் அடித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்கிறார்கள் என்பதை ஜூரிகள் முன் வெளிப்படுத்தினார். தண்டனை வாங்கிக் கொடுக்க வேண்டிய பிராசிக்யூட்டரே போலீசாரின் அடியைக் கண்டித்தது சாமானியமல்ல.

நிற்க, இதே மனிதர் 1921ல் என்ன செய்தார்? ஸ்டீபன்சன் என்ற மெதடிஸ்ட் பாதிரியின் மகள், போர்ட்டோ ரிக்கோக்காரரான ஒரு கத்தோலிக்கரை மணந்தாள். மணம் செய்து வைத்த கத்தோலிக்கப் பாதிரி ஜேம்ஸ் காயிலை, பெண்ணைப் பெற்ற பாதிரி பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். இருவரும் கும்பிட்டது ஒரே ஏசுவைத்தான்! கொன்றவருக்கு வக்கீல் நம் பிளாக். மாப்பிள்ளையின் நிறம் ஜூரிகள் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிவதற்காகக் கோர்ட்டில் வெளிச்சத்தைக் குறைக்கச் செய்தார். பாதிரி விடுதலையானார். இது போதாதென்று 1923ல், முகமூடி போட்டுக்கொண்டு கருப்பர், கத்தோலிக்கர், யூதர் ஆகியோரை மிரட்டித் திரிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தில் அங்கத்தினராகவும் சேர்ந்தார். 1925ல் விலகியதுகூட, செனட் தேர்தலுக்கு நிற்கப் போகும் சமயம் பார்த்துத்தான். அடுத்த வருஷம் கிளான்காரர்களின் ஓட்டையும் பெற்று செனட்டரானார். உத்தியோக வேட்டைக்காகவே ஒரு மனிதன் இப்படி இழிந்தானென்றால், அதை மன்னிக்கும்படி வாசகர்களை நாம் கேட்க மாட்டோம்.

1937ல் ரூஸ்வெல்ட் இவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக்கினார். உடனே கிளான் சங்கதி பத்திரிகையில் அத்தாட்சியோடு வெளிவந்துவிட்டது. தேசமெங்கும் கூப்பாடு. இவர் ரேடியோவில் பேசி, சேர்ந்தது உண்மை, விலகியதும் உண்மை என்றார்.

இனித்தான் விசேஷம். புளோரிடாவில் 1933ல் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கொலையுண்டார். வாரண்டு இல்லாமலே பத்துக்கணக்கான கருப்பு மக்களை வளைத்துப் பிடித்தார்கள். நாள் கணக்காய் விசாரித்து, கடைசியில் விடிய விடியத் தூங்கவிடாமல் துளைத்து வாக்குமூலம் வாங்கி, நான்கு பேருக்கு மரண தண்டனையும் விதித்துவிட்டார்கள். 1940 பிப்ரவரி 12ந் தேதி அத்தண்டனையை ரத்து செய்த தீர்ப்பு பிளாக் எழுதியது. பெசமர் லாக்கப்பில் 25 வருஷத்திற்கு முன் கண்டதை அவர் மறந்துவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம். வக்கீல் வைக்கப் பணமில்லாத எதிரிக்குச் சர்க்காரே வக்கீல் கொடுக்க வேண்டும் என்ற 1963ம் வருஷத்துத் தீர்ப்பும் இவருடையதே.

1962ல் இன்னொன்று. நியூயார்க்கில் கல்வி அதிகாரிகள் ஒரு ஜெபத்தை இயற்றிப் பள்ளிக்கூடங்களில் சொல்ல வைத்தார்கள். ஆங்கிலத்தில் 22 வார்த்தைதான். சர்க்கார் ஜெபம் எழுதிக் கொடுக்கலாகாதென்று பிளாக் தீர்ப்பெழுதினார். கடவுள் போச்சு, மதம் போச்சு என்று பாதிரிமாரும் அரசியல்வாதிகளும் அலறினார்கள். இவரோ நாஸ்திகருமல்ல. பர்மிங்காமில் பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பைபிள் வகுப்பு நடத்தியவர். பக்தி உள்ளவனுக்கே சர்க்கார் ஜெபம் வேண்டாமென்றால், மற்றவர் கூச்சலுக்கு என்ன அர்த்தம்?

இதற்காக இவரை மகானாக்கி மாலை போடவும் நாம் தயாரில்லை. 1944ல், யுத்த பயத்தைச் சாக்காக்கி, அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள் உள்பட ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட ஜப்பானிய வம்சத்தாரை வீட்டை விட்டு விரட்டிய உத்தரவு செல்லுமென்று எழுதியதும் இதே கைதான். 1971ல் சாகும் வரையில் அது சரியென்றே சாதித்தார். அந்தத் தீர்ப்பு தப்பென்று சுப்ரீம் கோர்ட்டு வாய்திறந்து சொல்ல 2018ம் வருஷம் வர வேண்டியிருந்தது.