நேர்கோடு என்னும் பிரமை

சென்னை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் உலவிவிட்டு மரநிழலில் உட்காரும் பெரியவர்களில், மகனையோ மகளையோ அமெரிக்காவுக்கு அனுப்பாதவர்கள் சொற்பம். அவர்களிடையே வேதவாக்குப்போல் வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: விமானம் அநாவசியமாக வடக்கே சுற்றிக்கொண்டு போகிறது, நேராகப் போனால் தூரம் குறையும், தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது. கற்றவர்களே இதை நம்பிப் பிறருக்கும் உபதேசிப்பதால், வெறும் பூங்காப் பேச்சென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்பிரமைக்கு மூலகாரணம் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்துப் பழகிய உலகப் படமே. 1569இல் மெர்க்கேட்டர் வகுத்த அம்முறை, திசைகாட்டியை ஒரே கோணத்தில் நிறுத்திக் கப்பல் செலுத்திய மாலுமிகளுக்காக ஏற்பட்டதேயன்றித் தூரத்தை அளப்பதற்காக ஏற்பட்டதன்று. அதில் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு, அரேபியா, எகிப்து, சஹாரா வழியாக அட்லாண்டிக்கைக் கடக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 15,400 கிலோமீட்டர். பூகோள உருண்டையில் அவ்விரு நகரங்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தாலோ, அது ருஷ்யாவையும் பின்லாந்தையும் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் சற்றே புகுந்து, கிரீன்லாந்தின் தென்பகுதி வழியாக இறங்குகிறது. அதன் நீளம் சுமார் 13,500 கிலோமீட்டர்தான். சுற்றுவழியென்று நாம் தூற்றும் வழியே குறுக்குவழி!

பூமியின் வளைவை இவ்வூரார் மறப்பது எனக்கு விசேஷ வருத்தம். மீனம்பாக்கத்து ஓடுபாதைக்கு அருகிலுள்ள பரங்கிமலையின் பக்கத்தில்தான், 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்துத் தமது நில அளவையைத் தொடங்கினார். அவ்வளைவைக் கணிப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று.

தூரத்தைக் கொண்டே நேரத்தைச் சொல்லிவிடலாம் என்பது இன்னும் பெரிய பிழை. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் மார்க்கமாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், 2016 அக்டோபரில் பசிபிக் மார்க்கத்துக்கு மாறி, 15,300 கிலோமீட்டர் பறந்தும், முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாக, 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் உயர்வானக் காற்று அதைப் பின்னின்று தள்ளியது.

அதே காற்று மேற்கே போகிறவர்களுக்கு எதிர்க்காற்று. மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவரிடம், அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எத்தனை மணியோ திரும்பிப் போகும்போதும் அத்தனை மணிதான் என்று படித்தவர் ஒருவர் கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். அக்கணக்கின்படி மகன் இறங்கியிருக்க வேண்டிய வேளை கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் தொலைபேசி ஒலிக்காமற்போக, நள்ளிரவில் அந்த அம்மாள் பூஜையறை விளக்குக்கு மறுபடியும் எண்ணெய் விட்டு, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.