கைராசி இல்லைன்னு யாருங்க சொன்னது?

சேலம், நாமக்கல் சமவெளியில் ஸ்வீட் பீ விதை விற்பது ஏமாற்று வேலை. அதை வாங்குவது வெட்டிச் செலவு. சொல்லிட்டேன். இனி காரணம்.

பாக்கெட் அட்டையில் யாரோ வெள்ளைக்காரர் வீட்டு வேலியில் ரோஸும் ஊதாவுமா பூ குலுங்கும். பின்னாடி 'நல்ல வெயில் படும் இடம்' என்று போட்டிருக்கும். எந்த ஊர் வெயில் சாமி? இங்கிலாந்து வெயிலும் ராசிபுரம் வெயிலும் ஒண்ணா?

இந்தச் செடியோட பூர்வீகம் சிசிலித் தீவு. 1699-ல் குப்பானி என்ற துறவி அங்கிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹென்றி எக்ஃபோர்டு என்பவர் ஒட்டுச் சேர்த்து பெரிய பூவா ஆக்கினார். எல்லாமே குளிருக்குப் பழகின செடி. சூடு ஏறினா பூ நின்னு, கொடி காய்ஞ்சிடும். நமக்கு மார்கழியிலேயே பகலில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் எங்க போய் பூக்க?

'டெல்லியில பூக்குதே'ன்னு கேப்பீங்க. அங்கே ஐப்பசி வாக்கில் விதைச்சா, நிஜமான ஒரு குளிர்காலம் கிடைக்குது. 'ஏற்காட்டுல?' தாராளமா போடுங்க. அது 1500 மீட்டர் உயரம். சேலம் டவுன் 300 மீட்டருக்கும் கீழே. ஒரே மாவட்டம்தான், ஆனா செடிக்கு மாவட்டம் தெரியாதுங்க.

எனக்குக் காசு போனதுகூட பெரிசில்லை. முதல்முறை தொட்டி வைக்கிறவங்க, நாலு கொடி கருகினதும் 'எனக்குக் கைராசி இல்லை'ன்னு தோட்டத்தையே மூட்டை கட்டிடறாங்க. இதான் வயித்தெரிச்சல். தப்பு கையில இல்லை, விதைத் தேர்வுல. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

சரி, அதே அவரைக் குடும்பத்துல, அதே மாதிரி வேலியேறி நிக்கிற கொடி நம்மகிட்ட இருக்கே, சங்குப்பூ! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கின 99 பூக்களில் கருவிளைன்னு வருதே, அதேதான். நாம வேலியோரம் விட்டுட்டோம். 2021-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தப் பூச்சாற்றை உணவு நிறமா அனுமதிச்சது. இப்ப 'ப்ளூ டீ'ன்னு டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. நாமளும் வாங்குறோம். வெளங்கிடும்!

வளர்க்கிறது சுலபம். விதை வாங்கவே வேண்டாம். அடர்நீலமோ வெள்ளையோ அடுக்கோ, உங்களுக்குப் பிடிச்ச கொடியா பார்த்து, நல்லா பழுப்பேறிக் காய்ஞ்ச காயை வெடிக்கிறதுக்கு முன்னாடி பறிங்க. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிறதால தாய்ச்செடி மாதிரியே வரும். விதைத்தோல் கெட்டி, தண்ணி உள்ளே போகாது. உப்புத்தாளில் லேசா தேய்ச்சு ராத்திரி ஊற வைங்க. காலையில் உப்பினதை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊனுங்க. உப்பாததை மறுபடி தேய்க்கணும். ஆடிப்பட்டத்தில் போட்டா ஆயுத பூஜைக்குப் பூ வந்துடும். யூரியாவை அள்ளிக் கொட்டாதீங்க, வெறும் இலையா தழைக்கும். வேர் முடிச்சே தழைச்சத்து சேர்த்துக்கும்.

'வாசனை?' கிடையாதுங்க. ஸ்வீட் பீயோட வாசனை அருமைதான், மறுக்கலை. ஆனா பூக்காத செடிக்கு ஏதுங்க வாசனை? மணம் வேணும்னா குண்டுமல்லிப் பதியன் வைங்க.

விதை கேட்டுப் பின்னூட்டம் போடுங்க, கவரில் அனுப்பறேன். 'வெளிநாட்டுப் பூன்னா உனக்கு ஆகாதா'ன்னு சண்டைக்கு வர்றவங்களும் வரலாம். சாமந்திக்கும் துலுக்கச்சாமந்திக்கும் இந்த ஊரா பூர்வீகம்? எங்கேயிருந்து வந்தா என்ன, இந்த வெயிலைத் தாங்கினா அது நம்ம பூ.

டிஸ்கி: ஸ்வீட் பீ விதை பட்டாணி மாதிரி இருந்தாலும் விஷம். மிச்ச பாக்கெட்டை குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.