விழுப்புண்ணும் வீங்கிய முழங்காலும்

காயத்தோடு களத்தில் நிற்பவனே வீரன் என்பது எம்மவரிடையே வேரூன்றிவிட்ட கொள்கை. மார்பிற் பட்ட புண்ணை விழுப்புண் எனப் போற்றிய மரபினரல்லவா நாம்! அம்மரபின் பெயரால் இன்று விளையாட்டு மைதானங்களில் நிகழும் அநீதியொன்றைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2011 ஏப்ரலில் இலங்கைக் கிரிக்கெற் உலகு இரு வேறு முடிவுகளைக் கண்டது. ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் முத்தையா முரளிதரன் உடல் உபாதைகளோடு பந்து வீசினார். வயது 38, அதுவே அவரது இறுதிச் சர்வதேச ஆட்டம். விக்கெற் எதுவும் வீழவில்லை. எனினும் நாடு அவரைப் போற்றியது. இருபது நாள் கழித்து, 27 வயதினரான லசித் மலிங்க, முழங்கால் தேய்வைக் காரணங்காட்டி ரெஸ்ற் ஆட்டங்களிலிருந்து விலகினார். நாட்டினும் பணமே அவருக்குப் பெரிது என்ற பழி எழுந்தது. இந்திய பிரீமியர் லீக்கின் ஊதியம் அவரை ஈர்க்கவில்லை என நாம் வாதிடப்போவதில்லை. ஆயின் பின்னர் நிகழ்ந்தது யாது? 2014இல் அவரது தலைமையில் இலங்கை இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றது. 2019இல், 36 வயதில், பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெற்றுகளை வீழ்த்தினார். அவர் காத்த முழங்கால் நாட்டுக்கே பயன்பட்டது. இருவரும் தத்தம் உடல்பற்றித் தாமே தீர்ப்பளித்தனர் என்பதே இங்கு கருதற்பாலது.

மன்னார்க் கரையோர இளைஞனுக்கு அவ்வுரிமை உண்டா? பேசாலை முதல் வங்காலை வரை உதைபந்தாட்டம் ஊரின் மானப் பிரச்சினை. இறுதியாட்டமொன்றில் முன்கள வீரனொருவன் முழங்கால் திருகி விழுந்ததை நான் கண்டேன். ஐஸ் வைத்து, துணி சுற்றி, பத்து நிமிடத்தில் மீண்டும் இறக்கினர். மைதானம் ஆர்ப்பரித்தது, கிண்ணமும் கிடைத்தது. அடுத்த மாதம் கரைவலை இழுக்க அவனால் இயலவில்லை. மணலிற் காலூன்றிப் பின்னோக்கி இழுக்கும் அத்தொழிலுக்கு முழங்காலே மூலதனம். தொழின்முறை வீரனுக்கு ஒப்பந்தமும் மருத்துவரும் உண்டு. இவனுக்கு இருந்ததோ கைதட்டல் ஒன்றே. மூட்டின் குறுக்குத் தசைநார் அறுந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் களம் திரும்ப ஏறத்தாழ ஒன்பது மாதம் வேண்டும் என்பர் மருத்துவர். அம்மாதங்களில் அவன் வீட்டில் அடுப்பெரிப்பவர் யார்?

‘அவனே விரும்பி இறங்கினான்’ என்பர் கழகப் பெரியோர். ஊரே பெயர் சொல்லிக் கூவும்போது ‘இயலாது’ என்று சொல்லக்கூடிய இருபது வயதினன் எவன்? அது விருப்பமன்று, நாம் இட்ட கட்டளை. உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் மாற்று வீரர் முதன்முதலாக அனுமதிக்கப்பட்டது 1970இலேயாம். அதற்கு முன்னர் காயமுற்றோர் நொண்டியபடியே ஆடினர். அன்றேல் அணி ஆள் குறைந்து ஆடிற்று. விதி மாறியது; ஆட்டத்தின் வீரம் குன்றவில்லை. இன்று மாற்று வீரன் வெளியே காத்திருக்கவும் காயமுற்றவனையே ஓடவிடுகிறோம். விதி மாறியும் எமது மனப்பாங்கு மாறவில்லை.

விழுப்புண் பகைவன் தந்தது. இப்புண்ணோ எம்மவர் ஆரவாரம் தந்தது. ஆகவே, முழங்கால் வீங்கியவனை அன்று மீண்டும் இறக்குவதில்லை என ஒவ்வொரு கழகமும் விதி செய்யட்டும். சுற்றுப்போட்டியில் திரளும் பணத்தில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கு ஒதுக்கட்டும். அதற்கு மனமில்லாதோர் வீரம் பற்றிப் பேசாதிருப்பாராக. கிண்ணம் கழகத்தின் அலுமாரியில் இருக்கும். கால் அவனோடு கடலுக்குப் போகவேண்டும்.