எத்தனை பேர் அல்ல, யார் யார்?

அகராதியில் ஒரு சொல்லைத் தேடப்போய் வேறொரு சொல்லில் நின்றுவிட்டேன். 'சினார்க்கி'. ஒருவர் தனித்து ஆளாமல் பலர் சேர்ந்து ஆளும் ஆட்சிக்குப் பெயர் அது. 'சேர்ந்து', 'ஆளுதல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. சொல் அரிதாக இருந்தாலும் அந்த ஆட்சிமுறை இன்றும் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் 1848ஆம் ஆண்டிலிருந்து ஏழு பேர் கொண்ட சபையே அரசை நடத்துகிறது. அந்த ஏழு பேரையும் பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. ஜனாதிபதி பதவியை அவர்களுள் ஒருவர் ஓராண்டுக்கு வகிப்பார். மற்ற அறுவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. எடுத்த முடிவுக்கு எழுவரும் பொறுப்பு. தனி ஒருவரின் பிடிவாதம் நாட்டைக் கெடுக்காதிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா என்று வியந்தேன்.

அடுத்து வாசித்தது அந்த வியப்பைக் குறைத்தது. பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை வழங்கலாமா என்று 1959இல் அங்கு கேட்டபோது, வாக்களித்த ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் அவ்வுரிமை கிடைத்தது. அந்த எழுவருள் முதற் பெண்ணாக எலிசபெத் கொப் இடம்பெற்றது 1984இல். நம் நாட்டுப் பெண்களோ 1931இலேயே வாக்களித்தவர்கள்.

அதிகாரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதே என் கருத்து. எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதோடு, யாரை அமரவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளிலும் இத்தகைய கூட்டாட்சி உண்டு. சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வாப்பா, உம்மா, மாமா, சாச்சா, காக்கா எல்லோரும் கூடிப் பேசுவார்கள். எங்கள் மீதுள்ள அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் உயர்தரத்தில் எதைப் படிப்பது என்று முடிவாகும் அந்த நேரத்தில், படிக்கப்போகிறவள் பல வீடுகளில் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இது நம் மார்க்கம் காட்டிய வழியல்ல. கலந்தாலோசனை என்று பொருள்படும் 'அஷ்ஷூரா' என்ற பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின், பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையத் தோழர்கள் தயங்கி நின்றார்கள். அப்போது, "யாரிடமும் எதுவும் பேசாமல் நீங்களே முதலில் செய்யுங்கள்" என்ற கருத்தில் ஆலோசனை சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் பின்தொடர்ந்தார்கள்.

அன்பான பெற்றோரே, கடைசி முடிவை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களைப் பற்றிப் பேசக் கூடும்போது எங்களுக்கும் ஒரு கதிரை போடுங்கள். தேநீரைப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஊற்றிக்கொள்ளலாம்.